‘இன்ஃபர்மேஷன்ஸ்’ ஏன் தப்பு? ஆங்கிலப் பெயர்ச்சொல் பிழைகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாரம் மூன்று சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் குடும்பங்கள். மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, மராத்தி, வேலைக்கு ஆங்கிலம்.

போன மாதம் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் செல்போனை நீட்டி, “அக்கா, இதை அப்படியே அனுப்பலாமா?” என்று கேட்டார். துபாயில் ஒரு கடைக்காரருக்கு எழுதிய மெயில் அது. மூன்றே வரி:

“வீ மேக் ஆல் கைண்ட் ஆஃப் லெதர்ஸ் பேக். ஒன் ஆஃப் அவர் ஒர்க்கர் ஹேஸ் 20 இயர் எக்ஸ்பீரியன்சஸ். ப்ளீஸ் சென்ட் அஸ் சம் இன்ஃபர்மேஷன்ஸ் அபவுட் தி சைஸ் யூ நீட்.”

படிப்பவருக்குப் புரியும். வினைச்சொல் எல்லாம் சரியாக இருக்கிறது. இடறியது முழுக்கப் பெயர்ச்சொல்லில், மூன்று வரிக்குள் ஏழெட்டு இடத்தில். சரி, நவுன் எத்தனை வகை என்று கேட்டேன். ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட் என்று கடகடவென ஒப்பித்தார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான்.

ஒப்பிக்கத் தெரிந்தும் ஏன் பிழை வருகிறது? அந்த ஐந்து வகையும் சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்த்துப் பிரித்தவை. வாக்கியத்துக்குள் அந்தச் சொல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. எஸ் சேர்க்கலாமா, முன்னால் ‘எ’ வருமா, ‘மெனி’யா ‘மச்’சா, ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்பதையெல்லாம் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: இந்தச் சொல்லை ஆங்கிலம் எண்ணுமா, எண்ணாதா? கவுன்டபிள், அன்கவுன்டபிள். பதினைந்து வருஷமாகத் தாள் திருத்துகிறேன். பெயர்ச்சொல்லில் நான் போடும் சிவப்புக் கோடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அதனால் வகையை விட்டுவிட்டு அறிகுறியிலிருந்து தொடங்கலாம். உங்கள் வாக்கியத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

அறிகுறி: எஸ் வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கிறது

இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், ஃபர்னிச்சர்ஸ், லக்கேஜஸ், எக்விப்மென்ட்ஸ், ஹோம்ஒர்க்ஸ். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தகவல்கள், அறிவுரைகள், மரச்சாமான்கள், கருவிகள் என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கள்’ தாராளமாக ஒட்டும். மனசு தமிழில் ‘தகவல்கள்’ என்று நினைக்க, கை ஆங்கிலத்தில் எஸ் போட்டுவிடுகிறது.

எண்ண முடியாத பெயர் என்ற எண்ணமே நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். “ரெண்டு தண்ணி எடுத்துட்டு வா” என்று யாராவது சொல்வோமா? ரெண்டு குடம் தண்ணி என்போம். ஒரு படி அரிசி, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பருக்கை சோறு. அளவுச்சொல் இல்லாமல் இவற்றை நாமும் எண்ணுவதில்லை. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது, ஆனால் கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. மாட்டுங்கா கோயில் வாசலில் நாம் முழம் போட்டு வாங்கும் பூவை ஆங்கிலம் ஒன்று ஒன்றாக எண்ணும்: ‘டென் ஃப்ளவர்ஸ்’. நாம் ஒன்று ஒன்றாக எண்ணும் அறிவுரையை அது தண்ணீர்போல் நடத்தும்.

முதல் சோதனை: பாதியாக்கிப் பாருங்கள். அரிசியைப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் அரிசிதான். தோலை வெட்டினால் இரண்டு துண்டும் தோல்தான். அதனால் ரைஸ், லெதர் இரண்டும் அன்கவுன்டபிள். நாற்காலியைப் பாதியாக அறுத்தால் கையில் இருப்பது நாற்காலி இல்லை, விறகு. ஆகவே சேர் கவுன்டபிள். பள்ளியில் படித்த மெட்டீரியல் நவுன் பெரும்பாலும் இந்தச் சோதனையில் சரியாக விழும்.

ஆனால் இந்தச் சோதனை கைவிடும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். ஃபர்னிச்சரைத் தண்ணீர்போல் பிரிக்க முடியாதே, அது ஏன் அன்கவுன்டபிள்? மும்பை லோக்கலில் கூடை, மூட்டையோடு ஏறும் லக்கேஜ் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நாற்பது மூட்டை கிடந்தாலும் மொத்தத்துக்கும் பெயர் லக்கேஜ். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பெயர்: பேக், பாக்ஸ், பாஸ்கெட். மொத்தத்தின் பெயரை ஆங்கிலம் எண்ணாது, உள்ளே இருக்கும் பொருளை எண்ணும். ஃபர்னிச்சர் மொத்தம், சேர் உருப்படி. ஜூவல்லரி மொத்தம், ரிங் உருப்படி. மெஷினரி மொத்தம், மெஷின் உருப்படி. ஸ்டேஷனரி மொத்தம், பென் உருப்படி. டிராஃபிக் மொத்தம், கார் உருப்படி. எக்விப்மென்ட், சாஃப்ட்வேர், ஹோம்ஒர்க் எல்லாம் இதே குடும்பம்தான்.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், ஃபீட்பேக், நியூஸ் ஆகிய ஆறையும் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. வேறு வழி இல்லை. பிரெஞ்சு போன்ற மொழிகளில் இன்ஃபர்மேஷனைத் தாராளமாகப் பன்மையாக்குகிறார்கள். இது ஆங்கிலத்தின் வழக்கம், அவ்வளவுதான்.

திருத்துவது எப்படி? எஸ்ஸை எடுத்துவிடலாம்: ‘சம் இன்ஃபர்மேஷன்’. எண்ணியே ஆக வேண்டும் என்றால் நம் குடம், படிபோல ஓர் அளவுச்சொல்லை முன்னால் வைக்கலாம்: ‘டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்’. எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. மொத்தப் பெயரை விட்டுவிட்டு உருப்படியின் பெயரைச் சொல்லிவிடுவது. ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ என்பதைவிட ‘டூ சேர்ஸ்’ தெளிவு. ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’ விமான நிலையத்தில் சரி, நமக்கு ‘டூ பேக்ஸ்’ போதும். எஸ்ஸை எடுக்கும்போது முன்னால் உள்ள ‘எ’யையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆன் இன்ஃபர்மேஷன்’, ‘ஆன் அட்வைஸ்’ இரண்டும் அதே நோய்தான். அப்புறம் எண்ண முடியாததற்கு ‘மச்’, எண்ணக்கூடியதற்கு ‘மெனி’. எது என்று குழம்பினால் ‘எ லாட் ஆஃப்’ போடுங்கள், இரண்டுக்கும் பொருந்தும்.

“அப்போ ஹோட்டலில் டூ டீஸ் என்கிறார்களே?” என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே எண்ணுவது டீயை அல்ல, டம்ளரை. நாமும் கடையில் “ரெண்டு டீ” என்கிறோமே, அதேதான். வகைகளை எண்ணும்போதும் எஸ் வரும்: பல வகை எண்ணெய் என்றால் ‘ஆயில்ஸ்’, தோல் வியாபாரி ஆட்டுத்தோல், எருமைத்தோல் என வகை பிரித்துப் பேசினால் ‘லெதர்ஸ்’. தம்பி எழுதியது அந்த அர்த்தத்தில் இல்லை. அவருடைய ‘லெதர்ஸ் பேக்’குக்குக் காரணமே வேறு, கொஞ்சம் தள்ளி வருகிறது.

அறிகுறி: எஸ் வர வேண்டிய இடத்தில் காணோம்

‘ஃபைவ் புக்’, ‘20 இயர்’, ‘ஆல் கைண்ட் ஆஃப்’. முன்னதற்கு நேர் எதிரான பிழை. இரண்டும் ஒரே ஆளின் ஒரே வாக்கியத்தில் வருவதைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இதற்கும் வேர் தமிழில்தான்.

“சந்தையில் பத்து மாடு நின்றது.” “ஐந்து புத்தகம் வாங்கினேன்.” இவற்றில் ஒரு தப்பும் இல்லை. அஃறிணைப் பெயருக்குத் தமிழில் ‘கள்’ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. மாடு வந்தது, மாடு வந்தன என்று வினையைப் பார்த்து ஒருமையா பன்மையா என்று தெரிந்துகொள்கிறோம். நம் இலக்கணத்தில் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே உண்டு. ஆனால் உயர்திணைக்கு அப்படி இல்லை. ‘ஐந்து பெண் வந்தார்கள்’ என்று சொல்ல மாட்டோம், ‘ஐந்து பெண்கள்’ என்போம். அதனால்தானோ என்னவோ, என் வகுப்பில் ‘ஃபைவ் கேர்ள்ஸ்’ சரியாக எழுதுகிறவர்கூட அடுத்த வரியிலேயே ‘ஃபைவ் புக்’ என்று எழுதுகிறார்.

ஆங்கிலத்துக்குத் திணை கிடையாது. கவுன்டபிள் என்றால், ஒன்றுக்கு மேல் போனால், ஆளோ மாடோ புத்தகமோ பன்மை கட்டாயம். எண் பக்கத்திலேயே நின்றாலும் பன்மையை விட முடியாது. எழுதி முடித்ததும் எண்கள், மெனி, செவரல், ஆல், ஃப்யூ ஆகியவற்றைத் தேடி அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த பெயர்ச்சொல்லை மட்டும் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. ‘ஆல் கைண்ட் ஆஃப்’ உடனே ‘ஆல் கைண்ட்ஸ் ஆஃப்’ ஆகிவிடும்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ தனியாகச் சொல்ல வேண்டியது. அலுவலகத்தில் பெரிய பதவியில் இருப்பவர்கள் வாயிலும் இது வருகிறது. ‘ஒன்’ என்று வந்துவிட்டதால் ஒருமை என்று நினைத்துவிடுகிறோம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: என் நண்பர்களில் ஒருவர். ‘நண்பரில் ஒருவர்’ என்று சொல்ல வாய் வராது. ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்து எடுக்கிறோம், கூட்டம் பன்மை. ஆகவே ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. வினை மட்டும் அந்த ஒருவருக்கு ஏற்ப ஒருமை: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’. இந்த இடத்தில் தமிழ் நமக்குத் துணைதான். ‘எவ்ரி’யிலும் அப்படியே: ஒவ்வொரு மாணவரும் என்று ஒருமையில் சொல்வதுபோல ‘எவ்ரி ஸ்டூடன்ட்’. எஸ் வேண்டாம்.

சில்ட்ரன், மென், விமென், பீப்பிள் ஏற்கெனவே பன்மை. ‘சில்ட்ரன்ஸ்’ என்று மறுபடியும் எஸ் போட வேண்டாம்.

அறிகுறி: இரண்டு பெயர்ச்சொல் சேரும்போது எஸ் முதல் சொல்லில் விழுகிறது

‘லெதர்ஸ் பேக்’, ‘ஷூஸ் ஷாப்’, ‘டென் ருப்பீஸ் நோட்’.

செருப்புக்கடையில் ஆயிரம் செருப்பு இருக்கிறது. இருந்தாலும் ‘செருப்புகள்கடை’ என்று நாம் சொல்வதில்லை. பழக்கடை, பூக்கடை, பத்து ரூபாய் நோட்டு, எதிலும் முதல் சொல்லில் ‘கள்’ கிடையாது. பன்மை வந்தால் கடைசிச் சொல்லில்: பூக்கடைகள். ஆங்கிலமும் அச்சு அசலாக இதேதான். முதல் பெயர் அங்கே அடைமொழி வேலை பார்க்கிறது, அதனால் ஒருமையில் நிற்கும். ‘லெதர் பேக்ஸ்’, ‘ஷூ ஷாப்’, ‘டென் ருப்பீ நோட்’. குழம்பினால் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூட்ஸ் ட்ரெயின், ஸ்போர்ட்ஸ் ஷாப், சேவிங்ஸ் அக்கவுன்ட் என்று சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: எஸ் போட்டாலும் போடாவிட்டாலும் சரியாகத் தெரிகிறது, ஆனால் அர்த்தம் மாறுகிறது

தம்பியின் ‘20 இயர் எக்ஸ்பீரியன்சஸ்’ இங்கே வருகிறது. எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல் இரண்டு விதமாக நடக்கும். வேலை செய்து சேர்ந்த அனுபவம் என்றால் அன்கவுன்டபிள்: ‘20 இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. நடந்த சம்பவம் ஒவ்வொன்றும் என்றால் கவுன்டபிள்: ‘ஐ ஹேட் மெனி எக்ஸ்பீரியன்சஸ் இன் துபாய்’ என்றால் துபாயில் எனக்குப் பல சம்பவங்கள் நடந்தன என்று ஆகும். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண் ரெஸ்யூமேயில் ‘ஐ ஹேவ் 5 இயர்ஸ் எக்ஸ்பீரியன்சஸ்’ என்று எழுதியிருந்தார். ஐந்து வருஷமாக இரவும் பகலும் வார்டில் நின்ற உழைப்பு, கடைசி எஸ்ஸால் ஏதோ சம்பவக் கணக்குபோல் ஒலித்தது. அந்த ஒரு எழுத்தை அடித்ததும் வரி நிமிர்ந்துவிட்டது.

இப்படி இரட்டை வேஷம் போடும் சொற்கள் நிறைய. பேப்பர் என்றால் காகிதம், எண்ண முடியாது. ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள் அல்லது பரீட்சைத் தாள். கிளாஸ் கண்ணாடி, ‘எ கிளாஸ்’ டம்ளர், ‘கிளாசஸ்’ மூக்குக்கண்ணாடி. அயர்ன் இரும்பு, ‘ஆன் அயர்ன்’ இஸ்திரிப் பெட்டி. சிக்கன் தட்டில் இருந்தால் எண்ண முடியாது, கொல்லையில் மேய்ந்தால் எண்ணலாம். டைம் நேரம், ‘த்ரீ டைம்ஸ்’ மூன்று தடவை. ஒர்க் என்றால் வேலை. ‘ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்’ என்று சொன்னால் ஒரு கலைஞரின் பல படைப்புகள் என்றோ பல தொழிற்சாலைகள் என்றோ நினைக்க இடம் உண்டு. ‘ஐ ஹேவ் எ லாட் ஆஃப் ஒர்க்’ என்பதே சரி. எண்ண வேண்டுமானால் ‘டூ ஜாப்ஸ்’.

இதற்கு நல்ல மருந்து அகராதி. மாணவர்களுக்கென்று தயாரித்த ஆங்கில அகராதிகளில் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் பக்கத்தில் சி அல்லது யூ என்று ஓர் எழுத்து இருக்கும். சி என்றால் கவுன்டபிள், யூ என்றால் அன்கவுன்டபிள். செல்போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. அர்த்தம் பார்க்கப் போகும்போது அந்த எழுத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். நான் சொல்லித்தருவதில் நிஜமாகவே காலத்துக்கும் உதவும் பழக்கம் இது என்று நம்புகிறேன்.

அறிகுறி: ‘இஸ்’, ‘ஆர்’ ஒட்ட மறுக்கிறது

நியூஸ், மேத்ஸ், ஃபிசிக்ஸ் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை: ‘தி நியூஸ் இஸ் குட்’. போலீஸ் எஸ் இல்லாவிட்டாலும் பன்மை: ‘தி போலீஸ் ஆர் கமிங்’. ஓர் ஆளைச் சொல்ல ‘எ போலீஸ் ஆஃபீசர்’. கத்தரிக்கோல், பேன்ட் போல இரண்டு பாதி சேர்ந்த பொருள்கள் எப்போதும் பன்மை. பட்டறையில் “ஒரு சிசர் கொடு” என்று கேட்டுப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் ‘எ பேர் ஆஃப் சிசர்ஸ்’ என்று எழுத வேண்டும். டீம், ஃபேமிலி, ஸ்டாஃப் போன்ற கலெக்டிவ் நவுனுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் ‘இஸ்’, பிரிட்டனில் ‘ஆர்’ரும் வழக்கம். இரண்டும் சரி, ஒரே கடிதத்தில் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். ஆனால் ‘டென் ஸ்டாஃப்ஸ்’ வேண்டாம், ‘டென் ஸ்டாஃப் மெம்பர்ஸ்’.

அறிகுறி: ‘ஐ ஆம் டென்ஷன்’

தமிழில் உணர்ச்சி நம்மிடம் வருகிறது. எனக்குப் பசி, எனக்குப் பயம், எனக்குக் கோபம், எனக்குக் காய்ச்சல். பசி, பயம் எல்லாம் பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் ஆள் அந்த நிலையில் இருக்கிறார், அதனால் ‘ஆம்’ பக்கத்தில் உணர்ச்சியின் பெயர்ச்சொல் நிற்காது, பண்பைச் சொல்லும் அட்ஜெக்டிவ் நிற்க வேண்டும். ஹங்கர் இல்லை, ஹங்ரி. ஆங்கர் இல்லை, ஆங்ரி. டென்ஷன் இல்லை, டென்ஸ். கான்ஃபிடன்ஸ் இல்லை, கான்ஃபிடன்ட். பள்ளியில் படித்த அப்ஸ்ட்ராக்ட் நவுன் இங்கேதான் உதவிக்கு வரும். சொல்லின் வாலைப் பாருங்கள்: நெஸ், ஷன், மென்ட், ஷிப் என்று முடிந்தால் அநேகமாக அது பெயர்ச்சொல், ‘ஐ ஆம்’ பக்கத்தில் வைக்கும் முன் நிதானிக்க வேண்டும். பெயர்ச்சொல்லையே வைக்க ஆசைப்பட்டால் வினையை மாற்றுங்கள்: ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’.

அறிகுறி: பெரிய எழுத்தும் ‘தி’யும் தடுமாறுகின்றன

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அதனால் கண் பழகவில்லை. ப்ராப்பர் நவுன் என்றால் ஆள், ஊர் மட்டும் இல்லை. கிழமை, மாதம், மொழி, நாட்டினர் எல்லாம் கேப்பிட்டலில் தொடங்க வேண்டும்: மண்டே, ஜனவரி, தமிழ், இண்டியன். சம்மர், வின்டர் சின்ன எழுத்து. ‘மை மதர்’ சின்ன எழுத்து, அம்மாவைப் பெயர்போல மதர் என்றே கூப்பிட்டால் பெரிய எழுத்து.

‘தி’ விஷயத்தில் நம் ஊரையே வைத்துப் பழகலாம். மும்பை, தாராவி, ஜூஹு பீச் எதற்கும் ‘தி’ இல்லை. கடலுக்கும் ஆற்றுக்கும் உண்டு: ‘தி அரேபியன் சீ’, ‘தி மித்தி ரிவர்’. ‘ஆஃப்’ நடுவில் வரும் பெயருக்கும் அநேகமாக உண்டு: ‘தி கேட்வே ஆஃப் இண்டியா’.

தம்பியின் மெயிலுக்கு வருவோம். நான் திருத்திக் கொடுக்கவில்லை. அறிகுறியை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினேன், அவரே பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் மாற்றினார்.

“வீ மேக் ஆல் கைண்ட்ஸ் ஆஃப் லெதர் பேக்ஸ். ஒன் ஆஃப் அவர் ஒர்க்கர்ஸ் ஹேஸ் 20 இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ். ப்ளீஸ் சென்ட் அஸ் சம் இன்ஃபர்மேஷன் அபவுட் தி சைசஸ் யூ நீட்.”

அந்தக் கடைசி ‘சைசஸ்’ நான் காட்டியது இல்லை. “ஒரே சைஸா கேட்பாங்க அக்கா? நாலு சைஸ் கேட்பாங்கல்ல” என்று சொல்லிவிட்டு அவராகவே போட்டது.